உதறிட்டுப் போங்க சார்!

போன வாரம் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஒருத்தரைக் கேக்காம அவரைப் படம் எடுக்கிறது தப்புன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா? போலீஸ்காரனுக்கும் பிரைவசின்னு ஒண்ணு இருக்குல்ல?"

நியாயமான கேள்விதான். ஆனா அதை எங்கே உட்கார்ந்து கேட்டார்ங்கறதுதான் விசேஷம். எங்க காம்பவுண்டுக்குள்ள, எங்க நாற்காலியில, எங்க வீட்டு டீயைக் குடிச்சுக்கிட்டே கேட்டார். அந்த டீயில தட்டிப் போட்டிருந்ததும் எங்க ஏலக்காய்!

வந்த சிரிப்பை முழுங்கிட்டேன். முழுங்க வேண்டிய நிலைமை. அந்த நேரத்துல எங்ககிட்ட வேலை பாக்குற ஜோதியோட புருசன் குமார் அவர் ஸ்டேஷன்ல பெஞ்சுல உட்கார்ந்திருந்தான்.

இருங்க… முதல்ல இருந்து சொல்றேன்.

என் கொழுந்தன் சேகருக்கு போடியில ஏலக்காய் குடோன். எங்க வீட்டுக்குப் பின்னாடியே, ஒரே காம்பவுண்டு. போடி மெட்டு மலை ஏறி இறங்குற ஜீப்புகள்ல காய் வரும். பொண்ணுங்க வரிசையா உட்கார்ந்து சுளகுல கொட்டித் தரம் பிரிப்பாங்க. நல்ல பச்சை தனி, வெளிறினது தனி, வாய் பிளந்தது தனி. மாடியில ஜன்னலோரமா என் மேஜை. கீழே சுளகுச் சத்தம் நின்னா எனக்கும் எழுத்து நின்னுடும். அப்படி ஒரு பழக்கம் ஆகிப்போச்சு.

இந்தக் குடோனுக்குக் கேமரா வந்ததே போலீஸ் புண்ணியத்துலதான். ஊர்ல இருக்கிற வியாபாரிகளை எல்லாம் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, காபி குடுத்து, கடைக்குக் கடை கேமரா வையுங்கன்னு சொன்னாங்க. "தப்பு பண்ணாதவன் எதுக்குக் கேமராவைப் பாத்து பயப்படணும்?"னு மைக்கைப் பிடிச்சு முழங்கினார் ஒருத்தர். கை தட்டல் அடங்கவே இல்லையாம்.

அந்த ஒருத்தர் யார்ங்கறீங்க? சாட்சாத் நம்ம டீ குடிச்ச எஸ்.ஐ.தான்!

சேகர் சும்மாவே ஒண்ணு வாங்கப் போனா ஒண்ணரை வாங்கிட்டு வர்ற ஆள். "அண்ணே, இந்த மாடல்ல சவுண்டும் பதிவாகும்"னு கடைக்காரப் பையன் சொன்னதும் விழுந்துட்டான். வாசல் பக்கம் ஒண்ணு, உள்ளே ஒண்ணு. ரெண்டுக்கும் கண்ணும் உண்டு, காதும் உண்டு. கண்ணு இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். காது இருக்கிறதை அவன் யாருக்கும் சொல்லலை.

அவனே உளறித்தான் வெளியே வந்தது. ஒருநாள் உள்ளே வந்தவன், காய் பிரிச்சிட்டிருந்த நாகம்மாகிட்ட, "என்னா நாகம்மா, உன் மாமியாருக்கு மூட்டுவலி தேவலையா?"ன்னு அக்கறையா விசாரிச்சிருக்கான். நாகம்மா சுளகைக் கீழே வச்சுட்டாங்க. மாமியார் மூட்டுவலியைப் பத்தி அவங்க பக்கத்துல இருந்த ஜோதிகிட்ட மட்டும்தானே பேசினாங்க? அதுவும் மூட்டுவலியைப் பத்தியா பேசினாங்க… மாமியாரைப் பத்தில்ல பேசினாங்க! ஆத்தாடி, வேற என்னவெல்லாம் கேட்டிருப்பான் இந்த மனுசன்?

அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள குடோன் பூராவும் தெரிஞ்சுபோச்சு. அதுல இருந்து கேமராவுக்குக் கீழே பேச்செல்லாம் சாமி, சாம்பார், மழை இதோட சரி. உண்மையான சங்கதி எல்லாம் தண்ணித்தொட்டி பக்கம். கைப்பிள்ளையோட வர்ற ஒரு பொண்ணு பிள்ளைக்குப் பால் குடுக்கணும்னா, கேமராவுக்கு முதுகைக் காட்டி, மூட்டைகளுக்கு நடுவுல போய் ஒடுங்கி உட்காருவா. யாரும் எதுவும் கேட்டதில்லை. வேலை பாக்குற இடம்னா அப்படித்தானேன்னு இருந்துட்டாங்க.

இன்னொரு வழக்கமும் சொல்லணும். எங்க குடோன்ல இருந்து வெளியே போற யாரா இருந்தாலும் வாசல் கேமரா முன்னாடி நின்னு உதறிட்டுத்தான் போகணும். பொண்ணுங்க முந்தானையை உதறி, மடியைப் பிரிச்சு, தூக்குவாளியைத் திறந்து காட்டுவாங்க. ஜீப்புன்னா பின்கதவை இறக்கி, படுதாவை உதறிக் காட்டணும். சேகரும் வேட்டியை உதறுவான். கீழே போய்க் கொஞ்ச நேரம் கதை பேசிட்டு வந்தா நானும் முந்தானையை உதறிட்டுத்தான் மாடி ஏறுவேன்.

ஜோதிக்கு இடம் வாசலோரம். அதனால, எழுந்து போற ஆள்கிட்ட "உதறிட்டுப் போங்க"ன்னு சொல்றது அவ பொறுப்பு. காயை விட்டுக் கண்ணை எடுக்காமச் சொல்லுவா. மத்த இடத்துல "போயிட்டு வாங்க"ன்னு சொல்ற மாதிரி இங்கே இது. ஒருதடவை தேவாரம் ஊர்ல இருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த எங்க சம்பந்தி முறைக்காரர்கிட்டயும் சொல்லிப்புட்டா! அவர் முகம் போன போக்கு இருக்கே… சேகர் பின்னாடியே ஓடி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சமாதானம் பேசிட்டு வந்தான்.

சரி, சம்பவத்துக்கு வர்றேன்.

ஜோதியோட புருசன் குமாருக்குச் சொந்தமா ஒரு ஜீப்பு. காலையில ராசிங்காபுரத்துல இருந்து எஸ்டேட் வேலைக்குப் போறவங்களை ஏத்திக்கிட்டு மலைக்குப் போவான். திரும்பி வர்றப்ப காய் லோடு. எது கேட்டாலும் "குழப்பமில்லக்கா"ம்பான். மலையாளத்துக்காரங்களோட பழகி ஒட்டிக்கிட்ட வார்த்தை. ரோட்டுல மண் சரிஞ்சு கிடந்தாலும் குழப்பமில்ல, டயர் வெடிச்சாலும் குழப்பமில்ல.

அன்னைக்கு அவன் எங்களுக்கு லோடு இறக்கிட்டு இருந்தப்ப எஸ்.ஐ.யும் ஒரு ஏட்டய்யாவும் உள்ளே வந்தாங்க. ஜீப் ஸ்டாண்டுல ஒரு பெரிய வியாபாரியோட மூட்டை ஒண்ணைக் காணோமாம். அது இருந்த வண்டிக்குப் பக்கத்துல குமார் வண்டி நின்னுச்சாம். அதனால அவன் வண்டியைப் பாக்கணுமாம்.

"பாருங்க சார், குழப்பமில்ல"ன்னான் குமார்.

ஏட்டய்யா சீட்டைத் தூக்கிப் பாத்தார், படுதாவைப் புரட்டிப் பாத்தார், டூல்ஸ் பெட்டியைக் கூட விடலை. எஸ்.ஐ. நாற்காலியில உட்கார்ந்தார். பக்கத்துல பிரிச்சு வச்ச பச்சைக்காய்க் குவியல். போடியில ஏலக்காய்ப் பக்கம் உட்கார்ந்தவன் கை சும்மா இருக்காது. ஒரு காயை எடுத்து நசுக்கி மோந்து பாப்பான். அது தப்பில்லை, அது ஒரு மரியாதை. ஆனா கைநிறைய அள்ளி கர்ச்சீப்புல முடிஞ்சு பாக்கெட்டுல வச்சா அதுக்கு வேற பேரு. எஸ்.ஐ. செஞ்சது ரெண்டாவது. நாங்க பாத்தோம். பாக்காத மாதிரி இருந்தோம்.

ஏட்டய்யா வந்து தலையை ஆட்டினார். எஸ்.ஐ. சொன்னார்: "வண்டியில ஒண்ணுமில்லய்யா. இவன் இல்ல. எனக்கே தெரியுது."

அதோட நிறுத்தியிருந்தா நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். மனுசன் பாவம், என்ன கடுப்புல இருந்தாரோ… சாயங்காலத்துக்குள்ள யாரையாவது பிடிச்சுட்டு வான்னு உத்தரவு போட்ட தன்னோட இன்ஸ்பெக்டரைப் பத்தி ஏட்டய்யா காதோரமாக் கொட்டித் தீத்துட்டார். சாதாரணமா இல்லை, அக்கு வேற ஆணி வேறயா! தலைக்கு மேல கேமரா இருக்கிறது அவருக்குத் தெரியும். காது இருக்கிறது தெரியாது.

அதுக்கப்புறம் எழுந்து, "குமாரு, ஸ்டேஷன் வரைக்கும் வண்டியோட வந்துட்டுப் போப்பா. ஒரு கையெழுத்துதான்"னார்.

குமார் போறப்ப வழக்கப்படி பின்கதவை இறக்கி, வெறும் வண்டியைக் கேமராவுக்குக் காட்டி, படுதாவை உதறி மடிச்சான். "வெரசா வந்துருங்க, நாளைக்கு விடியக்காலம் ட்ரிப்பு இருக்கு"ன்னா ஜோதி. "குழப்பமில்ல"ன்னுட்டுப் போனான்.

சாயங்காலம் ஆச்சு. ஆள் வரலை.

சேகர் ஸ்டேஷனுக்குப் போனான். அங்கே கதையே வேற. குமாரோட ஜீப்புல, மிதியடிக்குக் கீழே, திருட்டு ஏலக்காய் கிடைச்சிருக்காம்! எவ்வளவுன்னு கேட்டிருக்கான். ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டியிருக்காங்க. ஒரு வேளைப் பாயசத்துக்குத் தாராளமாப் போதும்.

நீங்களே சொல்லுங்க… போடியில எந்த ஜீப்பை உதறினா நாலு காய் விழாது? எங்க ஊர் டவுன் பஸ் சீட்டு இடுக்குல காய் கிடக்கும். என் கைப்பையில கிடக்கும். துவைக்கப் போட்ட சட்டைப் பையில கிடக்கும். இதுக்கெல்லாம் பிடிச்சு உள்ளே வைக்கிறதுன்னா, ஸ்டேஷனைச் சுத்தி இல்ல, போடியைச் சுத்தித்தான் கம்பி போடணும்.

சேகருக்குப் பதட்டம். "சார், எங்க கேமராவுல எல்லாம் இருக்கு சார். வண்டியில ஒண்ணுமில்லன்னு நீங்களே சொன்னது இருக்கு. அதுக்கப்புறம் நீங்க பேசினதும் இருக்கு…"ன்னு ஒரே மூச்சுல சொல்லியிருக்கான். அதுக்கப்புறம்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் எஸ்.ஐ. முகத்துல ரத்தமே இல்லைன்னு வந்து சொன்னான்.

ஜோதி இதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னா. அழலை. "அக்கா, கேஸ்னு ஒண்ணு விழுந்துட்டா இவரை நம்பி எந்த எஸ்டேட்காரன்க்கா லோடு ஏத்துவான்?"னு மட்டும் கேட்டா. ஏலக்காய் லோடு ஓட்டுறவன் பேர்ல ஏலக்காய்த் திருட்டுன்னு எழுதிட்டா, அப்புறம் ஜீப்பு எதுக்கு? வித்துட்டு வேற சோலி பாக்க வேண்டியதுதான். நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன், சில்லுன்னு இருந்துச்சு.

மறுநாள் காலையில எங்க சொந்தக்கார வக்கீல் ஒருத்தருக்குப் போன் போட்டேன். "உங்க இடம், உங்க கேமரா. அவர் வந்தது டூட்டியில. டூட்டியில என்ன ரகசியம்? தைரியமா இருங்க"ன்னார். எனக்குப் பாதி உயிர் வந்துச்சு. போனை வைக்கப் போறப்ப, "மதினி… நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க"ன்னார். மறுபடி பாதி உயிர் போயிடுச்சு.

போனை வச்சேன், குடோன் வாசல்ல புல்லட் சத்தம், இறங்கி ஓடினேன். எஸ்.ஐ.யும் ஏட்டய்யாவும்.

அப்பத்தான் அந்த டீ. அந்தக் கேள்வி.

"கேமரா வைக்கச் சொன்னதே நீங்கதானே சார்?"னேன்.

"கண்ணுதான்ம்மா வைக்கச் சொன்னோம். காது யாரு வைக்கச் சொன்னது? ரெண்டு பேர் தனியாப் பேசுறதைப் பதிவு பண்றது எப்படிங்க சரியாகும்? அழிச்சிருங்க."

"நீங்க தனியா இல்லையே சார், எங்க குடோன்ல இல்ல உட்கார்ந்திருந்தீங்க?"

"அதெல்லாம் வக்கீல் பேச்சு. எங்க பிரைவசின்னு ஒண்ணு இருக்கு, அம்புட்டுத்தான்."

சுளகுகள் ஓடிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா எல்லார் காதும் இங்கேதான். நாகம்மாவுக்கு அதுக்கு மேல அடக்க முடியலை.

"ஏன்க்கா, பிரைவசி பிரைவசிங்கிறாரே, அப்படின்னா என்னாக்கா?"

"நம்ம சொந்த விசயத்தை யாரும் எட்டிப் பாக்காம, ஒட்டுக் கேக்காம இருக்கிறது, நாகம்மா."

"அடி ஆத்தி, அப்படி ஒண்ணு இருக்கா? எங்க குடுக்கிறாங்க, ரேஷன் கடையிலயா?"

குடோனே சிரிச்சுச்சு. மூட்டைகளுக்கு நடுவுல பிள்ளையோட உட்கார்ந்திருந்தவளும் சிரிச்சா. சேகர் மட்டும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னான். எஸ்.ஐ.க்குக் கோபம். கோபத்துல அவர் கை அதுபாட்டுக்குக் குவியல் பக்கம் போச்சு. பிரைவசியைப் பத்திப் பேசிக்கிட்டே ஒரு கை அள்ளி, கர்ச்சீப்புல வச்சு, பேன்ட் பாக்கெட்டுல திணிச்சுக்கிட்டார். சத்தியமாச் சொல்றேன், அவருக்கே அது தெரிஞ்சிருக்காது. போடியில கொஞ்ச நாள் இருந்துட்டா கை அப்படிப் பழகிடும்.

நான் கேட்டேன்: "சார், நீங்க சொந்தமாப் பேசினது எங்களோட போகட்டும். குமாரை எப்ப விடுவீங்க?"

"மிரட்டுறீங்களா?"

"இல்ல சார், கேக்குறேன்."

"ஆதாரம் கிடைச்சிருக்கும்மா. ஏலக்காய் கிடைச்சிருக்கு. சட்டம் அதோட வேலையைச் செய்யும். அதுக்குள்ள அந்த வீடியோ இங்க இருக்கக் கூடாது. இருந்தா நடக்கிறதே வேற."

எழுந்து விறுவிறுன்னு வாசலுக்கு நடந்தார். நானா வீரமாப் பேசினேன்? நாளைக்கு குமார் மேல கேஸ் எழுதிட்டா ஜோதி முகத்தை எப்படிப் பாப்பேன்?

ஜோதி வாசலோரம் அவ இடத்துல இருந்தா. காலையில இருந்து அவ கை பச்சையையும் வெளிறினதையும் கலந்து கலந்து போட்டுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல இருந்தவங்க சத்தம் போடாம எடுத்து மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அவ நினைப்பெல்லாம் ஸ்டேஷன் பெஞ்சுல. வாசல்கிட்ட யாரோ பூட்ஸ் கால் வந்துச்சு. தலையைத் தூக்காமலே, வழக்கப்படி, வாய் அதுபாட்டுக்குச் சொல்லிடுச்சு:

"உதறிட்டுப் போங்க சார்."

சுளகுச் சத்தம் நின்னுச்சு. அத்தனையும் ஒண்ணா.

"என்னது?"ன்னார் எஸ்.ஐ.

அப்பத்தான் ஜோதி நிமிர்ந்து பாத்தா. யார்கிட்ட சொல்லிட்டோம்னு தெரிஞ்சதும் அவ முகம் வெளுத்துப்போச்சு. சேகர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு, "சார் சார், அது இங்க வழக்கம் சார், எங்க சம்பந்தியையே கூட…"ன்னு குழறினான். ஏட்டய்யாதான் பாவம், சர்வீஸ் முழுக்க உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சு பழகின மனுசன்… தொப்பியைக் கழட்டி உதற ஆரம்பிச்சுட்டார்!

எஸ்.ஐ.க்கு நெத்தியெல்லாம் வேர்த்திருச்சு. துடைக்கிறதுக்காகப் பாக்கெட்டுல கையை விட்டு கர்ச்சீப்பை வெடுக்குன்னு உருவினார்.

சலசலன்னு கொட்டுச்சு. வாசல் கேமராவுக்கு நேர் கீழே, முதல் தரம் பச்சைக்காய். அவர் பூட்ஸைச் சுத்தி உருண்டு ஓடுச்சு.

யாரும் சிரிக்கலை. ஜோதி குனிஞ்சு, காய் கீழே கிடந்தா எடுக்கிற கை இல்லையா, ஒவ்வொண்ணாப் பொறுக்கிச் சுளகுல போட்டா. எல்லாத்தையும் பொறுக்கி முடிச்சுட்டு, அந்தச் சுளகை அப்படியே அவர் முன்னாடி நீட்டினா. அவ குரல்ல கோபம்கூட இல்லை.

"எங்க வீட்டுக்காரர் ஜீப்புலயும் இம்புட்டுத்தான சார் இருந்துச்சு?"

எஸ்.ஐ. சுளகைப் பாத்தார். கேமராவைப் பாத்தார். ஜோதியை மட்டும் பாக்கலை. அப்படியே வெளியே போயிட்டார். புல்லட் முதல் உதைக்கு ஸ்டார்ட் ஆகலை, ஏட்டய்யாதான் தள்ளிவிட்டார்.

மத்தியானச் சோத்துக்கு குமார் வந்துட்டான், வண்டியோட. ஜோதி ஓடிப்போய் வாசல்ல நின்னா. தொடவும் இல்லை, பேசவும் இல்லை, நாங்கெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கோம்ல. "குழப்பமில்ல"ன்னு சொல்ல வாயைத் திறந்தான் குமார். பாதி வார்த்தையிலயே உடைஞ்சு போய் துண்டால முகத்தை மூடிக்கிட்டான். நான் மாடிக்கு வந்து நல்லா அழுது தீத்தேன். சும்மா சொல்லக் கூடாது, சுகமா இருந்துச்சு.

காணாமப் போன அந்த மூட்டையா? ரெண்டு நாள் கழிச்சுக் கிடைச்சிடுச்சு. அந்த வியாபாரியோட இன்னொரு குடோன்லயே பத்திரமா இருந்துச்சாம், ஆளுங்க இடம் மாத்தி இறக்கி வச்சுட்டாங்களாம். அவர் குடோன்லயும் கேமரா உண்டு. யாரும் அதைப் போட்டுப் பாக்கலை, ஜீப்பு டிரைவரைப் பிடிக்கிறது அதைவிடச் சுலபமில்லையா?

குமார் வந்த மறுநாள் நாகம்மா சேகர் முன்னாடி இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னாங்க.

"ஏன்ண்ணே, தொப்பி போட்டவருக்கே அந்தப் பிரைவசி வேணுமாம். முந்தானை போட்டவளுகளுக்கு வேணாமா? கண்ணு இருக்கட்டும், நாங்க உதறிட்டே போறோம். அந்தக் காதை அடைச்சு விடுங்க."

சேகர் உடனே போனை எடுத்தான். கேமராக் கடைப் பையனைக் கூப்பிட்டு அன்னைக்கே சவுண்டை நிறுத்திட்டான். பிள்ளைக்காரிக்கு ஓரமா ஒரு தடுப்பும் கட்டியாச்சு. இப்பல்லாம் கீழே சுளகுச் சத்தத்தைவிடப் பேச்சுச் சத்தம்தான் அதிகம். மாமியார்கள் எல்லாரும் நல்லா வாங்கிக் கட்டிக்கிறாங்க. எனக்கு எழுத்து ஓடுறது கொஞ்சம் சிரமமா இருக்கு, ஏன்னா பாதி நேரம் ஜன்னல்லதான் நிக்கிறேன்.

எஸ்.ஐ.யோட வீடியோவை அழிச்சிட்டீங்களான்னு கேப்பீங்க. அழிக்கலை. "வண்டியில ஒண்ணுமில்லய்யா, இவன் இல்ல"ங்கிற வரைக்கும் பத்திரமா வச்சிருக்கோம். அது சர்க்கார் சம்பளத்துல, குமாரைப் பத்திப் பேசின பேச்சு, அது குமாருக்குச் சொந்தம். அதுக்கப்புறம் வர்றது ஒரு மனுசன் வேலை அலுப்புல புலம்பினது. நாகம்மா மாமியாரைப் பத்திப் பேசின மாதிரி. அதை வெட்டி எறிஞ்சாச்சு.

வெட்டுறதுக்கு முன்னாடி நான் ஒருதடவை கேட்டேன்தான். இன்ஸ்பெக்டரை அவர் என்னதான் சொன்னார்னு தெரிஞ்சுக்க உங்களுக்கும் ஆசையா இருக்கும்.

எத்தனை தடவை உதறச் சொன்னாலும் சரி… அது மட்டும் என் மடியில இருந்து விழாது!